டவுன்வோட் வாங்கி நொந்தபோது யாராவது சொல்லியிருக்கலாமே என்று நினைத்தவை

எழுதினால் காசு தரும் தளங்களைப் பற்றித் தமிழில் தேடினால், எப்படிக் கணக்குத் திறப்பது, எப்படி வோட்டு வாங்குவது, வந்ததை எப்படி ரூபாயாக்குவது என்பதெல்லாம் கிடைக்கும். வரவேண்டிய காசை முன்பின் தெரியாத ஒருவர் டவுன்வோட் என்ற எதிர்வோட்டை ஒரே அழுத்தில் போட்டு இல்லாமல் செய்துவிட முடியும் என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லை. எனக்கும் யாரும் சொல்லவில்லை. அந்த நாட்களில் நான் தனியாக உட்கார்ந்து குழம்பியதையும், பிறகு டவுன்வோட் போடும் பொறுப்பு என் கைக்கே வந்தபோது யோசித்ததையும் இங்கே எழுதி வைக்கிறேன். புதிதாக இறங்குகிறவர்களுக்கு இது பயன்படும். நான் எழுதிய தளம் ஸ்டீம், ஹைவ் ஆகிய பிளாக்செயின்களின் (எல்லாரும் பார்க்கக்கூடிய, அழிக்க முடியாத பொதுக் கணக்கேடுகளின்) முறையில் நடப்பது. அதன் பெயரும் அதில் இருப்பவர்களின் பெயரும் இந்தக் கதைக்குத் தேவையில்லை.

இந்த முறை தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2016இல் ஸ்டீம் வந்தபோதுதான் இது தொடங்கியது. தினமும் புதிதாக உருவாகும் கிரிப்டோ நாணயத்தில் ஒரு பங்கு பொதுப் பானைக்குப் போகும். அதை ரிவார்ட் பூல் என்பார்கள். அந்தப் பானையிலிருந்து எந்தப் பதிவுக்கு எவ்வளவு என்பதை வோட்டுகள் தீர்மானிக்கும். ஆளுக்கு ஒரு வோட்டு என்ற கணக்கு இங்கே கிடையாது. யார் எவ்வளவு நாணயத்தைப் பூட்டி வைத்திருக்கிறார்களோ அந்த அளவுக்கு அவர்கள் வோட்டுக்கு எடை. அப்படிப் பூட்டுவதைப் பவர் அப் என்பார்கள். லட்சக்கணக்கில் பூட்டியவர்களைத் திமிங்கலம் என்று கூப்பிடுவது வழக்கம். ஒரு திமிங்கலத்தின் வோட்டு ஆயிரம் சின்னக் கணக்குகளின் வோட்டைவிடக் கனமாக இருக்கும். பதிவு போட்டு 7 நாள் கழித்துத்தான் பணம் தீர்மானமாகும். அதுவரை பதிவின் அடியில் காட்டும் தொகை ஒரு மதிப்பீடுதான். அந்த 7 நாளுக்குள் யார் வேண்டுமானாலும் அப்வோட் போட்டு ஏற்றலாம், டவுன்வோட் போட்டு இறக்கலாம். இறக்கிய தொகை டவுன்வோட் போட்டவருக்குப் போகாது. பானைக்கே திரும்பி, மற்ற எல்லாப் பதிவுகளுக்கும் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்துவிடும்.

நான் நாகர்கோவில் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் தேரூர், சுசீந்திரம் குளங்களுக்கும் மணக்குடி காயலுக்கும் பறவை பார்க்கப் போவேன். அங்கே எடுத்த படங்களையும் பார்த்ததையும் தமிழிலும் ஆங்கிலத்திலுமாக ஒரே பதிவில் எழுதுவேன். சங்குவளை நாரை கூட்டமாக வந்திறங்கிய காலையைப் பற்றி எழுதிய பதிவு ஒன்றுக்கு நல்ல வரவேற்பு இருந்தது. அதற்குப் பிறகு ஒரு பெரிய கணக்கு என் பதிவுகளுக்குத் தொடர்ந்து வோட்டுப் போடத் தொடங்கியது. அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. தானியங்கி ஏற்பாடு என்பது மட்டும் புரிந்தது, ஏனென்றால் பதிவு போட்ட சில நிமிடங்களுக்குள் அந்த வோட்டு வந்து விழும். மாதம் எட்டாயிரம் பத்தாயிரம் ரூபாய் மதிப்புக்கு வர ஆரம்பித்தது. அந்த வருமானத்தில் கட்டிக்கொள்ளலாம் என்று ஒரு பழைய டெலிபோட்டோ லென்ஸைத் தவணையில் வாங்கினோம். என் சம்பளத்தில் அதை நினைத்துக்கூடப் பார்த்திருக்க முடியாது.

இந்த இடத்தில் ஒரு கணக்கைச் சொல்ல வேண்டும், பலர் இதில் ஏமாந்து போகிறார்கள். பதிவின் அடியில் 10 டாலர் என்று காட்டினால் அது முழுவதும் எழுதியவருக்கு இல்லை. ஸ்டீமில் 2019 ஆகஸ்ட் மாற்றத்துக்குப் பிறகு பாதி எழுதியவருக்கும் பாதி வோட்டுப் போட்டவர்களுக்கும் என்று ஆனது, ஹைவிலும் அதுவேதான். எழுதியவருக்கு வரும் 5 டாலரிலும், நாமாக மாற்றி வைக்காவிட்டால், பாதி பூட்டிய நாணயமாகவே வரும். உடனே எடுத்துச் செலவு செய்ய முடிவது இரண்டரை டாலர் அளவுதான். பூட்டியதை விடுவிக்க ஹைவில் 13 வாரம் ஆகும், வாரத்துக்கு ஒரு பங்காக வெளியே வரும். வீட்டுச் செலவுக்கோ தவணைக்கோ கணக்குப் போடுகிறவர்கள் அந்த இரண்டரையை வைத்துப் போடுங்கள், அதையும் 7 நாள் முடிந்த பிறகு போடுங்கள்.

அடி விழுந்தது ஒரு காலை நேரத்தில். பள்ளிக்குக் கிளம்பும் முன் போனைத் திறந்தேன். 7 நாள் முடியாமல் நிலுவையில் இருந்த என் பதிவுகள் எல்லாவற்றிலும் தொகை பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்துவிட்டிருந்தது. தளத்தில் ஏதோ கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு வோட்டுப் பட்டியலைத் திறந்து பார்த்தால், ஒரே கணக்கு, சில நிமிட இடைவெளியில், வரிசையாக எல்லாப் பதிவுக்கும் டவுன்வோட் போட்டிருந்தது. ஒரு வரி காரணம்கூட எழுதவில்லை. இரண்டு பதிவுகள் மங்கலாகி, படங்கள் மறைக்கப்பட்டு, திறந்து பார்க்கத் தனியாக அழுத்தவேண்டிய நிலைக்குப் போயிருந்தன. என் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் ரெப்யூட்டேஷன் எண்ணும் குறைந்திருந்தது. அது எல்லாருக்கும் 25இல் தொடங்கும். நம்மைவிட அதிக எண் உள்ளவர் டவுன்வோட் போட்டால் நம் எண் இறங்கும், குறைந்த எண் உள்ளவர் போட்டால் இறங்காது.

அன்று வகுப்பில் எதுவும் ஓடவில்லை. பணம் போனதைவிட, நான் எதையோ திருடிவிட்டதுபோல என் பதிவுகள் மறைக்கப்பட்டிருந்ததுதான் வலித்தது. பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? மறுநாள் போட்ட பதிவுக்கும் அதேதான் நடந்தது, அடுத்ததற்கும் அதேதான். ராத்திரி தூக்கம் இல்லாமல் போனை எடுத்து எடுத்துப் பார்ப்பேன். அம்மா கவனித்துவிட்டு என்ன என்று கேட்டார். விளக்கினேன். "நீ எழுதினதுக்குக் கிடைச்சத அவன் எப்படி மக்ளே எடுக்க முடியும்?" என்றார். பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏனென்றால் விதிப்படி அது இன்னும் எனக்குக் கிடைக்கவே இல்லை. ஆனால் அம்மா கேட்டதிலும் நியாயம் இருந்தது. பல நாள் ஒரு தொகையைக் கண்முன் காட்டிவிட்டு இல்லை என்றால், மனசு அதைப் பறிபோனதாகத்தான் எடுத்துக்கொள்ளும்.

தளத்தின் டிஸ்கார்ட் குழுவில் தமிழர்கள் சிலர் உண்டு. அதில் மலேசியாவிலிருந்து எழுதும் ஒரு மூத்தவரை அண்ணா என்று கூப்பிடுவோம். அவரிடம் கேட்டேன். அவர் என் பதிவுகளைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தங்கச்சி, உங்க எழுத்துல தப்பு ஒண்ணும் இல்ல. உங்களுக்கு வோட்டுப் போடுறவருக்கும் இவருக்கும் ஆகாது. அவர் வோட்டு எங்கெல்லாம் விழுதோ அங்கெல்லாம் இவர் போய் அழிச்சிட்டு வர்றார்." பிளாக்செயினில் எல்லா வோட்டும் எல்லாருக்கும் தெரியும்படி பதிவாவதால், அவற்றைத் தேடிக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் என்ற பக்கத்தில் நானே சரிபார்த்தேன். உண்மைதான். அந்தக் கணக்கின் டவுன்வோட் பட்டியலில் மீன் குழம்பு, மர வேலை, குழந்தைக்கு எழுதிய கவிதை என்று சம்பந்தமில்லாத பதிவுகள் வரிசையாக இருந்தன. எல்லாவற்றுக்கும் பொதுவாக இருந்தது ஒன்றுதான்: அதே திமிங்கலத்தின் அப்வோட். ஒருவர் வோட்டை அழிக்க வேண்டுமென்றால், அவர் எங்கே போட்டாரோ அங்கே போய்த்தான் அழிக்க முடியும். அதனால் அடி அவருக்கு விழாமல் எழுதியவர்களுக்கு விழுகிறது.

நான் எதிர்பார்க்காத இன்னொன்றும் நடந்தது. எனக்கு வழக்கமாகச் சின்னச் சின்ன வோட்டுப் போட்டுவந்த நண்பர்கள் ஒவ்வொருவராக நின்றுபோனார்கள். காரணம் எளிது. பாதித் தொகை வோட்டுப் போட்டவர்களுக்கு என்று சொன்னேன் அல்லவா, என் பதிவு பூஜ்யமானால் அவர்களுக்கு வரவேண்டியதும் பூஜ்யம். டவுன்வோட் விழும் என்று தெரிந்த பதிவில் வோட்டைச் செலவழிக்க யாருக்கும் மனம் வராது. ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பி மன்னிப்பும் கேட்டார். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் டவுன்வோட் போடுகிறவர்கள் யோசிப்பதே இல்லை என்று நான் நினைப்பது இதைத்தான்: அது ஒரு பதிவின் தொகையோடு நிற்பதில்லை, அந்த ஆளைச் சுற்றி இருப்பவர்களையும் விலகிப் போகச் செய்கிறது. எழுத வந்து கொஞ்ச நாளே ஆன ஒருவர் இதைத் தாங்கமாட்டார், ஓடிவிடுவார்.

உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றே எதையும் எழுதாதீர்கள். முதலில் யார் போட்டது, எந்தெந்தப் பதிவுக்குப் போட்டது, தன் எடையில் எத்தனை சதவீதத்தைப் போட்டது என்பதைப் பார்த்துக் குறித்து வையுங்கள். அந்தக் கணக்கு வேறு யாருக்கெல்லாம் போடுகிறது என்று பாருங்கள், காரணம் பாதி அதிலேயே தெரிந்துவிடும். பல தளங்களில் எழுத்துத் திருட்டைக் கண்காணிக்கும் குழுக்கள் இருக்கும். டவுன்வோட் அவர்களுடையது என்றால் பெரும்பாலும் ஒரு குறிப்பும் விட்டிருப்பார்கள், முறையிடும் இடமும் இருக்கும். அங்கே போய் உங்கள் மூலப் படக் கோப்புகளையும் வரைவுகளையும் காட்டினால் தீர வாய்ப்பு உண்டு. நான் எடுத்த படங்களின் மூலக் கோப்புகளைத் தேதியோடு பத்திரமாக வைத்திருந்தேன். இந்த விவகாரத்தில் அவை தேவைப்படவில்லை என்றாலும், அவை இருந்ததே எனக்குத் தைரியமாக இருந்தது. தனிச் சண்டையில் நடுவில் மாட்டியவர்கள் முறையிட அப்படி இடமே கிடையாது. அந்தக் கணக்கிடமே கேட்கவேண்டியதுதான்.

கேட்டேன். சண்டை பிடிக்காமல், என் பதிவில் என்ன குறை என்று தெரிந்தால் திருத்திக்கொள்வேன் என்று இரண்டு வரி எழுதினேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. பதிவில் குறை ஒன்றும் இல்லை, தகுதிக்கு மீறிய தொகை, அவ்வளவுதான் என்றது. எனக்கு முகத்தில் ரத்தம் ஏறியது. தேரூரில் விடியும் முன் போய்ச் சேற்றில் நின்று எடுத்த படங்களுக்குத் தகுதியை யார் நிர்ணயிப்பது?

ஆனால் கோபம் அடங்கிய பிறகு அந்தப் பதிலை நேர்மையாக யோசித்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது. தொகையில் உடன்பாடில்லை என்பது இந்த முறையில் தொடக்கத்திலிருந்தே ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணம். ஸ்டீமில் எழுதுவதற்கான தளமான ஸ்டீமிட்டில், டவுன்வோட்டுக்கான கொடியை அழுத்தினால் வரும் விளக்கத்திலேயே திருட்டு, வெறுப்புப் பேச்சு, ஸ்பாம் ஆகியவற்றோடு அதுவும் இருந்தது. அதில் தர்க்கமும் இருக்கிறது. பானை ஒன்றுதான். என் பதிவுக்கு ஒரு திமிங்கலம் கூடுதலாக அள்ளிக் கொடுத்தால், அது மற்ற எல்லாருடைய பங்கிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வருவதுதான். அப்படியென்றால் அப்வோட்டும் ஒருவகையில் எல்லாரிடமிருந்தும் எடுப்பதுதான், எடுப்பது கண்ணுக்குத் தெரியாமல் பரவிக் கிடப்பதால் யாருக்கும் வலிப்பதில்லை. டவுன்வோட் ஒருவர் தலையில் மொத்தமாக விழுவதால் வலிக்கிறது.

டவுன்வோட்டே வேண்டாம், எடுத்துவிடலாம் என்று சொல்கிறவர்களோடு நான் ஒத்துப்போகாததும் இதனால்தான். 2017 முதல் 2019 வரை ஸ்டீமில் என்ன நடந்தது என்பது அங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். பிட் பாட் என்ற வோட்டு விற்கும் கணக்குகளுக்குக் காசு கட்டினால், ஒரு வரிப் பதிவும் முதல் பக்கத்துக்குப் போய்விடும். பெரிய பங்கு வைத்திருந்தவர்கள் ஒன்றுமில்லாத பதிவைப் போட்டுத் தங்களுக்குத் தாங்களே வோட்டுப் போட்டு எடுத்துக்கொண்டார்கள். பார்த்தவர்கள் ஏன் தடுக்கவில்லை? அப்போது ஒரு டவுன்வோட் போட்டால் அப்வோட்டுக்குரிய சக்தியே செலவாகும். முழு வோட்டு ஒன்றுக்கு 2 சதவீதம் இறங்கி, நாளுக்கு 20 சதவீதம் ஏறும் சக்தி அது. அதை அப்வோட்டில் போட்டால் வருமானம் உண்டு. டவுன்வோட்டில் போட்டால் ஒன்றும் இல்லை, பகைதான் மிச்சம். பொதுவுக்கு நல்லது செய்கிறவர் தன் காசை இழக்க வேண்டியிருந்தது. அதனால்தான் 2019 ஆகஸ்டில் வந்த 21ஆவது ஹார்டுஃபோர்க் என்ற விதிமாற்றத்தில், அப்வோட் சக்தியில் கால் பங்கு அளவுக்கு டவுன்வோட்டுக்கெனத் தனியாக ஒதுக்கினார்கள். நாளொன்றுக்கு இரண்டரை முழு டவுன்வோட் செலவில்லாமல் போடலாம். பிட் பாட் தொழில் அதற்குப் பிறகு படுத்தது. 2020 மார்ச்சில் ஸ்டீமிலிருந்து பிரிந்த ஹைவும் இதே ஏற்பாட்டோடுதான் வந்தது.

செலவில்லை என்று ஆனபோது திருடரைப் பிடிப்பது எளிதானது போலவே, பிடிக்காதவரை அடிப்பதும் எளிதானது. நிரல் எழுதுகிறவர்களின் கேள்வி-பதில் தளமான ஸ்டாக் ஓவர்ஃப்ளோவில் ஒருவர் எழுதிய பதிலுக்கு டவுன்வோட் போட்டால் போட்டவரும் ஒரு புள்ளியை இழக்க வேண்டும். அங்கே காசு இல்லை, வெறும் புள்ளிதான். அதற்கே அப்படி ஒரு விலை வைத்திருக்கிறார்கள். உண்மையில் காசு போகிற இடத்தில் விலையும் இல்லை, காரணம் சொல்லும் கட்டாயமும் இல்லை. விலை வைத்தால் பழைய கதை திரும்பிவிடும் என்பது எனக்குப் புரிகிறது. காரணம் சொல்வதற்கு என்ன தடை?

எங்கள் ஊர்க் குளங்களில் தண்ணீர் குறையும் காலத்தில் எந்த வயலுக்கு எவ்வளவு நேரம் மடை திறப்பது என்பதை ஊரே ஏற்றுக்கொண்ட ஒரு ஆள் பார்த்துக்கொள்வது பழைய வழக்கம். முறை தவறித் திறந்தவர் மடையை அவர் அடைக்கலாம், அது அவர் வேலை. ஆனால் ஏன் அடைத்தார் என்று வயல்காரர் கேட்டால் பதில் சொல்லியாக வேண்டும். தன் பகையாளியோடு பேசினான் என்பதற்காக ஒருவனுடைய மடையை அவர் அடைத்தால், அடுத்த போகத்துக்கு அவரிடம் அந்த வேலை இருக்காது. பாசனம், மீன்பிடி, மேய்ச்சல் போன்ற பொதுச் சொத்துகளை மக்கள் தாங்களே எப்படிக் காக்கிறார்கள் என்று ஆராய்ந்து 2009இல் பொருளாதார நோபல் பெற்ற எலினார் ஆஸ்ட்ரமும் இதைத்தான் கண்டார். நெடுங்காலம் நிலைத்த அமைப்புகளில் தண்டனை சிறிதாகத் தொடங்கித் தவறின் அளவுக்கு ஏற்ப ஏறும், வழக்கைத் தீர்க்கச் செலவில்லாத ஓர் இடம் பக்கத்திலேயே இருக்கும், கண்காணிப்பவர்கள் பயன்படுத்துகிறவர்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருப்பார்கள். எனக்கு நடந்ததில் இந்த மூன்றும் இல்லை. எடுத்த எடுப்பில் நூறு சதவீதம், முறையிட இடமில்லை, யாருக்கும் பதில் சொல்லத் தேவையில்லை.

இடையில் பழிவாங்கும் யோசனைகளும் வந்தன. பாதிக்கப்பட்டவர்கள் சிலர் சேர்ந்து ஒரு டவுன்வோட் ட்ரெயில் தொடங்கலாம் என்றார்கள். ஒருவர் டவுன்வோட் போட்டால் சேர்ந்த எல்லாக் கணக்குகளும் தானாகவே பின்னால் போய்ப் போடும் ஏற்பாடு அது. என்னையும் கூப்பிட்டார்கள். எங்களுக்கு டவுன்வோட் போட்ட கணக்கு தன் நண்பர் ஒருவரின் பதிவுகளுக்கு வோட்டுப் போடும், அவற்றைக் குறிவைக்கலாம் என்பது திட்டம். எனக்கு நடந்ததையே இன்னொரு அப்பாவிக்குச் செய்யச் சொல்கிறார்கள் என்று புரிந்ததும் விலகிவிட்டேன். நடைமுறையாகப் பார்த்தாலும் அது உதவாது. எடையில் அவரோடு நம்மால் நிற்க முடியாது, நம் ரெப்யூட்டேஷன் அவரைவிடக் குறைவாக இருந்தால் அவர் எண்ணை நம்மால் அசைக்கவும் முடியாது. நம்மைப் பற்றி அவருக்கு இல்லாத பகையை நாமே உண்டாக்கிக் கொடுப்பதுதான் மிச்சமாகும். ட்ரெயிலில் சேர்ந்தவர்கள் பலரும் பிறகு எழுதுவதையே விட்டுவிட்டார்கள்.

நான் செய்தது வேறு. எனக்கு வோட்டுப் போட்டுவந்த பெரிய கணக்குக்கு எழுதி, தானியங்கிப் பட்டியலிலிருந்து என்னை எடுத்துவிடும்படி கேட்டேன். நன்றியோடுதான் கேட்டேன். கையில் வருகிற வோட்டை வேண்டாம் என்று எழுதிக் கேட்பது எவ்வளவு கசப்பாக இருந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அவர் புரிந்துகொண்டார், எடுத்துவிட்டார். அடுத்த சில வாரங்களில் டவுன்வோட்டும் நின்றுவிட்டது. மொத்தத்தில் நாற்பதாயிரம் ரூபாய்க்குப் பக்கத்தில் வரவேண்டியது வரவில்லை. லென்ஸ் தவணையை என் வீட்டுக்காரர் ஓவர்டைம் பார்த்துக் கட்டினார். அதை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. உங்கள் பதிவில் பாதிக்கு மேற்பட்ட தொகை ஒரே கணக்கிலிருந்து வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். அப்படி வந்தால், அந்தக் கணக்கின் நட்பும் பகையும் உங்களுக்கும் சேர்த்துத்தான்.

அப்புறம் ஒரு வருடத்துக்கும் மேல் ஆன பிறகு, எங்கள் தமிழ்க் குழுவுக்கு ஒருவர் தன் பங்கின் ஒரு பகுதியை டெலிகேஷனாகக் கொடுத்தார். நாணயம் அவருடையதுதான், வோட்டுப் போடும் எடை மட்டும் எங்களுக்கு. நல்ல பதிவுகளைத் தேடி வோட்டுப் போடும் வேலையைப் பார்த்துக்கொள்ளும்படி என்னைக் கேட்டார்கள். அதோடு டவுன்வோட் சக்தியும் கையில் வந்தது. வாங்கிய வலி மறக்காததால், அதை எப்படிப் பயன்படுத்துவது என்று ரொம்ப யோசித்தேன்.

முதலில் வந்தது சுலபமான வழக்கு. பனை பற்றிய ஒரு கட்டுரை, நன்றாக இருந்தது, படங்களும் அழகு. வாக்கியங்கள் எங்கோ படித்ததுபோலத் தோன்றித் தேடினேன். ஒரு மாத இதழில் வந்ததை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார், படங்களும் வேறொருவருடையவை. முன்னால் இருந்த என் மனநிலைக்கு உடனே டவுன்வோட் போட்டிருக்கலாம். ஆனால் பதிவுக்கு இன்னும் நாலு நாள் இருந்தது. மூலத்தின் இணைப்பைக் கொடுத்து, மூலத்தைக் குறிப்பிட்டுப் பதிவைத் திருத்துங்கள், இல்லையென்றால் நாளை மறுநாள் டவுன்வோட் போட வேண்டியிருக்கும் என்று பின்னூட்டத்தில் எழுதினேன். பதில் இல்லை. சொன்ன நாளில் போட்டேன், காரணத்தையும் எழுதினேன். அதற்குப் பிறகுதான் அவர் வந்தார். கல்லூரிப் பையன், அப்படிப் போடக்கூடாது என்பதே அவனுக்குத் தெரிந்திருக்கவில்லை. "அக்கா, மன்னிச்சிடுங்க, எடுத்துடுறேன்" என்றான். அடுத்த பதிவில் தன் பாட்டியின் கருப்பட்டி வேலையைப் பற்றி அவனே எழுதினான், அதற்கு முழு வோட்டுப் போட்டேன். டவுன்வோட்டைப் போட்ட பிறகும் 7 நாளுக்குள் திரும்ப எடுத்துவிடலாம் என்பது பலருக்குத் தெரியாது. திருத்திக்கொண்டவருக்கு அதை எடுத்துவிட வேண்டும். கடைசி மணி நேரத்தில் போட்டுவிட்டுப் போவதை நான் தவறு என்றே சொல்வேன், எதிரே இருப்பவருக்குப் பேச வாய்ப்பே இல்லாமல் போகிறது.

இரண்டாவது வழக்கில் மனசு கஷ்டப்பட்டது. பறவை வேட்டையை நியாயப்படுத்தி ஒருவர் எழுதியிருந்தார். சொந்த எழுத்து, உழைத்து எழுதியது, எனக்கு முழுக்கப் பிடிக்காதது. விரல் டவுன்வோட்டுக்குப் போனது. போடவில்லை. கருத்தில் மாறுபட்டால் பின்னூட்டத்தில் எழுதலாம், வோட்டுப் போடாமல் போகலாம். பிடிக்காத கருத்துக்கு வரும் காசைப் பிடுங்கினால், நாளை எழுதுகிறவர்கள் கனமான கணக்குகளுக்குப் பிடித்ததை மட்டுமே எழுதுவார்கள். வெட்டுவோம் குத்துவோம் என்று மிரட்டும் எழுத்து வேறு, அதற்கு யோசிக்கவேண்டியதில்லை. இவருக்கு ஒரு நீண்ட மறுப்பு எழுதினேன், அவ்வளவுதான்.

மூன்றாவது வகையில்தான் இன்றுவரை எனக்கு உறுதியான பதில் இல்லை. தினமும் ஒரு படம், கீழே ஒரு வரி, நண்பர்கள் வட்டமே ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்ளும் வோட்டில் பெரிய தொகை. திருட்டும் இல்லை, விதிமீறலும் இல்லை. தகுதிக்கு மீறிய தொகை என்று எனக்குச் சொல்லப்பட்ட அதே காரணத்தைத்தான் நானும் சொல்லவேண்டும். பல நாள் பார்த்துவிட்டு, முதலில் அவரிடம் பேசினேன். மாற்றம் இல்லை. பிறகு 10 சதவீத எடையில், காரணத்தை எழுதிவிட்டு, மிக அதிகமாக ஏறிய பதிவுகளுக்கு மட்டும் போட்டேன், பூஜ்யத்துக்குக் கொண்டுபோகவில்லை. அவருக்கு வருத்தம்தான், என்னோடு பேச்சை விட்டுவிட்டார். ஆனால் யார் என்று பார்க்காமல், பதிவைப் பார்த்து, காரணத்தோடு, அளவோடு போட்டேன் என்று அவர் முகத்துக்கு நேரே என்னால் சொல்ல முடியும். எனக்குப் போட்டவரால் அப்படிச் சொல்ல முடியாது.

எங்கள் குழுவில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். குழுவின் எடையில் போடும் ஒவ்வொரு டவுன்வோட்டையும் காரணத்தோடு எல்லாரும் பார்க்கும் ஓர் இழையில் எழுதுவோம். அங்கே யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கலாம், வேறு இருவர் தவறு என்று சொன்னால் போட்டவர் எடுத்துவிட வேண்டும். குழுவில் ஒருவருக்கு யாரோடாவது சண்டை என்றால் அவரே அந்த ஆளுக்கு டவுன்வோட் போடக்கூடாது, இன்னொருவர்தான் பார்க்க வேண்டும். தானியங்கி டவுன்வோட் கிடையவே கிடையாது, ஏனென்றால் படிக்காமல் கொடுக்கும் காசைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், படிக்காமல் எடுப்பதை எப்படிப் பொறுப்பது? சின்ன ஏற்பாடுதான், வேறு இரண்டு குழுக்களும் இதைக் கேட்டு வாங்கிப் போயிருக்கின்றன.

நான் இப்போதும் எழுதுகிறேன். முன்பு வந்ததில் கால் பங்குதான் வருகிறது, ஆனால் பல சின்ன வோட்டுகளாக வருகிறது. என் பதிவுகளின் பிரதி என் கணினியில் தனியாக இருக்கிறது. பிளாக்செயினில் எழுத்து அழியாது என்றாலும், தளம் அதை மறைத்துவிட்டால் படிக்க ஆள் வரமாட்டார்கள். வருகிற காசில் எடுக்க முடிந்ததை அவ்வப்போது ரூபாயாக்கிவிடுகிறேன். இந்தியாவில் இருப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள்: கிரிப்டோவை விற்று வரும் ஆதாயத்துக்கு 2022 ஏப்ரல் முதல் 30 சதவீத வரி உண்டு, அதே ஆண்டு ஜூலை முதல் விற்பனைத் தொகையில் 1 சதவீதம் டிடிஎஸ் பிடிப்பதும் வந்தது, ஒன்றில் வந்த நஷ்டத்தை இன்னொன்றின் ஆதாயத்தில் கழிக்கவும் முடியாது. அதனால் எந்தத் தேதியில் எவ்வளவு வந்தது, அன்றைய விலை என்ன என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டவுன்வோட்டில் போனது அந்தக் கணக்கில் எங்கேயும் வராது. 7 நாள் முடிந்து கைக்கு வந்ததை மட்டும் எழுதினால் போதும்.